கலைமகள் கீழே வைக்காத பந்து

கலைமகள் இந்த முறையும் கோட்டைத் தாண்டிப் போய் நின்றுகொண்டாள்.

பந்து கையில் இருக்கிறது. காலடியில் தரை இருக்கிறது. குனிந்து வைத்தால் ஐந்து புள்ளி. அவளோ பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கும்பகோணம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நின்றாள். எதிரணிப் பெண்கள் மூன்று பேர் ஓடி வந்து அவளை அப்படியே அலாக்காகத் தூக்கி எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

"வைம்மா! கீழ வை!" என்று கத்திக் கத்தி டேவிட்சன் சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இது ஆறாவது ஆட்டம். ஆறிலும் பூஜ்யம்.

ரக்பியில் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது. தாண்டிய பிறகு பந்தைத் தரையில் வைத்து அழுத்த வேண்டும். அதற்கு டிரை என்று பெயர். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் டேவிட்சன் இப்படித்தான் விளக்குவார்: "நாத்தை வயல் வரைக்கும் தூக்கிட்டு வந்தா நடவு ஆயிடுமா? சேத்துல ஊனணும்ல? அதான் டிரை." உடனே புரிந்துவிடும். கலைமகளுக்கும் புரிந்துதான் இருந்தது. போன வருஷம் இதே பெண் பதினொரு டிரை போட்டவள்.

"ஏம்மா வைக்கல?"

"மறந்துட்டேன் சார்."

"ஆறு தடவையுமா?"

அவள் பந்தில் ஒட்டிய தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்ற பூவம்மாள், "சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவள் அவள்தான். பிள்ளைகளுக்குத் துணையாக எல்லா ஆட்டத்துக்கும் வருவாள்.

"அப்புறம் பூவம்மா. இப்ப தலை வலிக்குது."

டேவிட்சனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்து மூன்று வருஷம் திருப்பனந்தாள் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் ரக்பி சொல்லித்தருவதில் போய்விட்டது. கல்லூரியில் அவரை வாலிபாலில் குள்ளம் என்று கழித்தார்கள். கால்பந்தில் குண்டு என்று கழித்தார்கள். ஆள் குறைந்ததால் ரக்பிக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால், முட்டித் தள்ள ஒரு குண்டு வேண்டும், காலடியில் கிடக்கும் பந்தைப் பொறுக்கிக் கொடுக்க ஒரு குள்ளம் வேண்டும், ஓட ஒரு ஒல்லி வேண்டும். எந்த உடம்பையும் வேண்டாம் என்று சொல்லாத ஆட்டம் அது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவர் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இப்போது அழுவதற்கு வேறு காரணமும் வந்துவிட்டது. தலைமையாசிரியை சாவித்திரி கூப்பிட்டுச் சொன்னார்.

"சார், கடைசி ஆட்டத்துல ஒரு டிரையாவது போடச் சொல்லுங்க. இல்லேன்னா அறுவடைக்கு மைதானத்தை நெல் மூட்டை அடுக்கக் குடுத்துடலாம்னு கமிட்டில பேசிட்டாங்க. டீமையும் கலைச்சுடுவாங்க."

"ஒரே ஒரு டிரையா மேடம்?"

"ஒண்ணே ஒண்ணு. என்னால அவ்வளவுதான் கேட்டு வாங்க முடிஞ்சது."

அதே வாரம் விளையாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு படிவமும் வந்தது. ஒன்பதாவது கேள்வி: 'இத்துறைக்குப் புதிதாக வருவோர்க்குத் தங்கள் அறிவுரை. மூன்று வரிகளுக்கு மிகாமல்.' டேவிட்சன் 'பொறுமை' என்று எழுதி அடித்தார். 'வேறு வேலை தேடவும்' என்று எழுதி, அதையும் அடித்தார். ஒரு வரி மிச்சம் இருந்தது.

சரி, முறைப்படி யோசிப்போம் என்று உட்கார்ந்தார். மறுநாள் நாலு உரிக்காத தேங்காய்களைக் கொண்டுவந்தார். உரிக்காத தேங்காயும் ரக்பி பந்தும் ஏறக்குறைய ஒரே வடிவம், எடைதான் கூடுதல். கலைமகளிடம் ஒன்றைக் கொடுத்து ஓடச் சொன்னார். கோட்டைத் தாண்டினாள், தொபீரென்று தரையில் அறைந்தாள். இருபது முறை ஓடவிட்டார். இருபது முறையும் அறைந்தாள். ஒரு தேங்காய் உடைந்தே போயிற்று.

ஆக, கை அதே கை. தரை அதே தரை. கோடு அதே கோடு. மாறியிருப்பது பந்து மட்டும். பழைய பந்து கிழிந்து, புரட்டாசியில்தான் இந்தப் புதுப் பந்து வந்தது; எங்கே ஆடினாலும் இதைத்தான் கொண்டுபோனார்கள். ஆகவே கோளாறு பந்தில்.

பந்தைக் காற்றடித்துப் பார்த்தார், நிறுத்துப் பார்த்தார், தையல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. வந்த நாளிலிருந்து அதை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று கிறிஸ்தவர் வைத்ததில் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, காலையிலேயே குளித்துவிட்டு வந்து, பிள்ளைகள் முன்னால் அவரே பயபக்தியோடு சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டவர். அந்தச் சந்தனத்தின் மஞ்சள் இன்னும்கூட லேசாகத் தெரிந்தது.

"பந்துல கோளாறு இல்லேன்னா, திருஷ்டிதான் சார்," என்றார் சாவித்திரி. "எங்கிட்ட குடுங்க. வெள்ளிக்கிழமை கோயில்ல வச்சு அர்ச்சனை பண்ணிக் கொண்டுவரேன்."

பந்து விபூதி மணக்கத் திரும்பி வந்தது.

ஏழாவது ஆட்டத்தில் நிலைமை மோசமானது. ரக்பியில் பிடிபட்டு விழுந்தவள் பந்தை உடனே தரையில் விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் தண்டனை. இந்தப் பிள்ளைகளோ மல்லாக்க விழுந்து, இரண்டு கையாலும் பந்தை உயரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ரெஃப்ரி விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனார். முப்பத்தெட்டுக்குப் பூஜ்யம்.

"சார், அந்தப் பந்து இருக்குல்ல..." என்று பூவம்மாள் ஆரம்பித்தாள்.

"பூவம்மா, பந்தைப் பத்தி மட்டும் இன்னிக்கு எங்கிட்ட பேசாதீங்க."

வீட்டில் மனைவி ரிஃப்கா சாப்பாடு போட்டபடி சொன்னாள். "என்னங்க, கோயிலுக்கு மட்டும் அனுப்பினீங்களே. நாம லுத்தரன் சபையா இருந்தா என்ன, வேளாங்கண்ணிக்கு எல்லாரும்தானே போறாங்க? மாதா காலடியில ஒரு தடவை வச்சு எடுத்துட்டு வந்துடுவோம்."

"பந்தையா?"

"வேற எதை? உங்க வயிறு எரியுறது அதாலதானே?"

பந்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் மாறி மாறிப் போய், தீர்த்தம் தெளித்து, எண்ணெய் தடவிக் கொண்டுவந்தார்கள். அதுவரை ஒழுங்காகப் பந்தை உதைத்துக்கொண்டிருந்த ஃபிளோராவிடம், "வேளாங்கண்ணி போயிட்டு வந்த பந்தும்மா. இனிமே கவலையே இல்ல!" என்று டேவிட்சன் உற்சாகமாகச் சொன்னார்.

அன்று மாலையே ஃபிளோராவுக்குக் கால்வலி வந்துவிட்டது.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். எதிரே நாகப்பட்டினத்துப் பெண்கள். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூட்டை எத்தனை வரிசை கொள்ளும் என்று அவர்களில் ஒருவர் கண்ணாலேயே மைதானத்தை அளந்துகொண்டிருந்தார். முதல் பாதியில் கலைமகள் இரண்டு முறை கோட்டைத் தாண்டினாள். இரண்டு முறையும் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் நாகப்பட்டினத்துப் பெண் ஒருத்தி ஓங்கி உதைத்தாள். பந்து வேலியைத் தாண்டி வாய்க்காலில் விழுந்து, நல்ல இழுப்பில் கிழக்கே போயிற்று.

"இனிமே பூம்புகார்லதான் சார் கரையேறும்," என்றாள் பூவம்மாள்.

வேறு வழியின்றி நாகப்பட்டினத்துக்காரர்கள் தங்கள் பந்தைக் கொடுத்தார்கள். தோல் உரிந்து, நிறம் போய், ஒரு பக்கம் லேசாக வீங்கிய பந்து. டேவிட்சன் கண்ணை மூடிக்கொண்டார். மைதானம் போயிற்று, டீம் போயிற்று, இருபத்து மூன்று வருஷமும் போயிற்று.

தொபீர் என்றொரு சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். கோட்டுக்கு அப்பால் கலைமகள் தரையோடு தரையாகப் பந்தின் மேல் கிடந்தாள். ரெஃப்ரி கையை உயர்த்தியிருந்தார். ஃபிளோரா நொண்டாமல் துள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷத்தில் இன்னொரு டிரை. ஆட்டம் முடிவதற்குள் மூன்றாவதும் விழுந்தது. கமிட்டிக்காரர்கள் நாற்காலியைத் தாங்களே மடக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

"கும்பிட்டது வீண் போகல மேடம்!" என்றார் டேவிட்சன்.

"நான் சொன்னேன்ல சார்?" என்றார் சாவித்திரி.

டேவிட்சன் நாகப்பட்டினத்துக்காரர்களிடம் கெஞ்சி அந்தப் பந்தை வாங்கிக்கொண்டார். நேராக விளையாட்டு அறைக்குப் போனார். படிவத்தை எடுத்து, மிச்சமிருந்த ஒரு வரியில் 'தெய்வ நம்பிக்கை' என்று எழுதினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, அலமாரியிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து, மூன்று விரலால் குழைத்துப் பந்தருகே கொண்டுபோனார்.

குடத்தைத் திருப்பி வைக்க வந்த பூவம்மாள் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கும் பொட்டு வச்சுடாதீங்க சார்! சாமியாக் கும்பிட்டதை எந்தப் புள்ள தரையில அடிக்கும்? வெறும் பந்தாவே குடுங்க, போதும்."