சொன்னவர் அண்ணை

ஒரு பெரிய எழுத்தாளர் ஆயுள் முழுக்கக் குனிந்திருந்து எழுதியதைவிட, அவர் பெயரில் எங்கள் துறைமுக வீதிச் சலூன்காரர் நின்றபடியே சொன்னது அதிகம்.

எழுத்தாளர் இப்போது வெளிநாட்டில் பேரும் புகழுமாக இருக்கிறார். இளந்தாரியாகத் துறைமுகத்தில் கிளார்க் வேலைக்கு வந்தபோது அந்தச் சலூனின் பின்னறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தார். அது போதாதா? கதிரையில் யார் இருந்தாலும், கழுத்தில் துணி கட்டி முடிவதற்குள் சலூன்காரர் தொடங்கிவிடுவார்: "அவர் ஒருக்காச் சொன்னவர்..." ஊர் அவருடைய சொந்தப் பெயரை மறந்து, 'சொன்னவர் அண்ணை' ஆக்கிவிட்டது.

சல்லிக் கிராமத்திலிருந்து வந்த மீனவர் ஒருவர் வீட்டுச் சண்டையைச் சொல்லிப் புலம்பினார்.

"மனிசி கத்தேக்கை மறுமொழி சொல்லாதை, தேத்தண்ணி போட்டுக் குடு எண்டு அவர் சொன்னவர்."

காத்திருந்த நான் குறுக்கிட்டேன். "அவர் அப்ப கலியாணமே கட்டேல்லையே அண்ணை?"

"அதுதான் தம்பி, நிதானமாச் சொல்லக்கூடியதா இருந்தது."

எழுத்தாளரின் புத்தகங்கள் எல்லாம் படித்தவன் நான். இந்த மாதிரி ஒரு வரியும் அவற்றில் கிடையாது. கேட்டால், "நல்லதை எல்லாம் இங்கை சொல்லிப்போட்டார். மிச்சத்தைத்தான் எழுதினவர்" என்பார்.

பேஸ்புக் வந்ததும் விஷயம் கைமீறியது. நிலாவெளியில் கலியாணக் கார்ட், கிண்ணியாவில் ஓட்டோவின் பின்பக்கம், எங்கும் 'அவர்' வாக்குத்தான். கனடாவில் இருக்கும் என் மச்சான், சூரியன் மறைகிற படத்தில் அந்தத் தேத்தண்ணி வாக்கைப் போட்டு எனக்கே அனுப்பி, "எப்பிடிப்பட்ட மனுசன் பார்!" என்று வியந்தான்.

பிறகுதான் வாசிகசாலைக்காரர் வந்தார்கள். 'கடல் ஒருத்தரையும் பேர் கேட்டு நனைக்கிறதில்லை' என்ற வாக்கைச் சுவரில் பெரிதாக எழுதி, கீழே எழுத்தாளரின் பெயரையும் போட்டுத் திரையால் மூடினார்கள். ஊருக்கு வரவிருந்த எழுத்தாளரே திறந்துவைக்கச் சம்மதித்தார்.

அன்று பின்னேரமே சொன்னவர் அண்ணை என் வீட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, சின்னப் பிரச்சினை ஒண்டு. அதை அவர் சொல்லேல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

"ஒரு மழை நாள், ஆருக்கோ சேவ் எடுக்கேக்கை என்ரை வாயிலை வந்தது."

"ஏன் அண்ணை அவற்றை பேரைப் போட்டனீங்கள்?"

"நான் சொன்னதெண்டா ஆர் கேப்பினம்?" என்றார். "சபையிலை அவர் தான் சொல்லேல்லையெண்டு சொன்னா, நான் பிறகு எப்பிடிக் கடை திறக்கிறது?"

விழாவன்று அவர் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில், ஓடுவதற்கு வசதியாகப் பக்கவாட்டில் இருந்தார். எழுத்தாளர் திரையை இழுத்தார். ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"இதை நான் சொல்லேல்லை," என்றார் மைக்கில்.

வாசிகசாலைத் தலைவரின் கையிலிருந்த மாலை அப்படியே நின்றது.

"நான் இந்த ஊரிலை ஒண்டுமே சொன்னதில்லை. நான் அறை எடுத்திருந்த சலூன்கார அண்ணை ரெண்டு வருசமும் என்னை வாய் திறக்க விடேல்லை. இப்பிடிக் கதைக்கிறதுக்கு அவரை விட்டா ஆள் இல்லை. என்ரை பேரை அழிச்சுப்போட்டு அவற்றை பேரைப் போடுங்கோ."

கைதட்டல் எழுந்தது. அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம்.

"அவர் தன்னடக்கத்திலை சொல்லுறார்! அவர்தான் சொன்னவர்!"

"இல்லை அண்ணை, நீங்கள்தான்," என்றார் எழுத்தாளர்.

"உமக்கு மறந்துபோச்சுது!"

நான் போய் அவரைப் பிடித்து இருத்தினேன். அடுத்த நாள் சுவரில் பெயரும் மாறியது. பெயின்டருக்கு அண்ணையின் சொந்தப் பெயர் தெரியாமல் என்னிடம் வந்தார். எனக்கும் தெரியாததால் நான் அவர் மனைவியிடம் போனேன்.

அதன்பிறகு ஒரு கிழமை சலூனில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும். பிறகு மெல்லத் தொடங்கினார், இந்த முறை யார் பெயரும் இல்லாமல். ஒன்றைச் சொல்லிவிட்டு, நாங்கள் சிரிக்கிறோமா என்று கண்ணாடியில் கள்ளமாகப் பார்ப்பார்.

இப்போது நான் பாலையூற்றில் இருக்கிறேன். வீட்டு முன்னாலேயே ஏசி போட்ட சலூன் இருக்கிறது. என் தலையில் வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் துறைமுக வீதிக்குப் பஸ் ஏறுகிறேன்.