லைன் திருடன்

ஜெபமாலையின் மூன்றாம் தேவரகசியத்தில் போன் மறுபடியும் அடித்தது. ஆம்ப்ரோஸ் முழங்காலில் இருந்தபடியே கையை நீட்டி, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே நின்ற ரிசீவரை எடுத்தார். எழுந்து ஓட வேண்டாம், சுருட்டை வயரை இழுக்க வேண்டாம். இதற்காகத்தானே வயர் இல்லாத போனை வாங்கினார்!

"ஹலோ, மரியஅந்தோணி அண்ணனா?"

"மருதப்பன் இருக்காரா?" என்றது ஒரு பெண் குரல்.

"இங்க மருதப்பனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! ராங் நம்பர்!"

"என்னங்க, ஜெபத்துல இருந்துக்கிட்டு..." என்றாள் மனைவி அல்போன்சம்மாள்.

"இன்னிக்கு இது ஆறாவது கால். யாருடி இந்த மருதப்பன்? அவனுக்கு என் வீடு என்ன ரிசப்ஷனா?"

மகள் ரூபி தலையைக் குனிந்து மணியை உருட்டினாள். எதிர்பார்த்த கால் இன்றும் வரவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் கால் மரியஅந்தோணியிடமிருந்து வரவேண்டும். சாங்கிப் பக்கம் வீடு. கோவில் காரியங்களில் முன்னால் நிற்கிற மனிதர். இரண்டு வாரத்துக்கு முன் குடும்பத்தோடு வந்து ரூபியைப் பார்த்தார். பையனும் ரூபியும் காரிடாரில் பத்து நிமிஷம் பேசினார்கள். நூலகத்தில் வேலை பார்க்கும் ரூபி அன்றைக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் என்றால், பையனை அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. போகும்போது மரியஅந்தோணி, "வீட்டுல கலந்து பேசிட்டு ஒரு வாரத்துல போன் பண்றேன்" என்று சொல்லி நம்பரை டைரியில் எழுதிக்கொண்டார்.

சம்பந்தி போன் செய்யப்போகிறார். அதைப் பழைய கறுப்பு போனிலா எடுப்பது? ஆம்ப்ரோஸ் மறுநாளே சிராங்கூன் ரோட்டுக்குப் போனார். எண்பத்தாறாம் வருஷத்தில் அந்தப் புது ஜப்பான் செட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் காட்டினார்கள். வாங்கி வந்த கையோடு வாசலோரத்தில் இருந்த பழைய போனைக் கழற்றிப் பரணில் போட்டார். புதியதைத் திரு இருதயப் படத்தின் கீழ், சிவப்பு பல்பு எரிகிற கரண்ட் பிளக்கிலேயே மாட்டினார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பச்சை விளக்கு எரிந்தது. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் ஜோராகக் கேட்டது. சமையலறையில் நின்றுகொண்டு மைத்துனனோடு பேசினார், காரிடாரில் நடந்துகொண்டு பேசினார், ஒரு தடவை குளியலறையிலிருந்தும் பேசினார்.

ஆம்ப்ரோஸ் ஏர்போர்ட் கார்கோவில் சூப்பர்வைசர். ஒரு பெட்டியில் லேபிளைப் படிக்காமல் கைவைத்தால் தொழிலாளிகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். போனோடு வந்த புத்தகத்தை மட்டும் அவர் பிரிக்கவே இல்லை. அவருக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டுமா என்ன?

அன்றிலிருந்து மரியஅந்தோணியைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாரும் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் மருதப்பன்தான் வேண்டியிருந்தது.

"விஷயம் புரிஞ்சுபோச்சு" என்றார் ஆம்ப்ரோஸ், ஜெபம் முடிந்ததும். "எவனோ ஒருத்தன் ஊர் பூரா என் நம்பரைக் குடுத்து வச்சிருக்கான். வெக்கங்கெட்டவன்!"

"பழைய போனையே மாட்டிருவோமேப்பா" என்றாள் ரூபி.

"திருடனுக்குப் பயந்து நான் போனை மாத்தணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

சிக்னல் பலமாக இருந்தால் கண்டவனும் உள்ளே நுழைய முடியாது என்று கார்கோவில் ஒரு நண்பர் சொன்னார். ஆம்ப்ரோஸ் ஏரியலை முழு நீளத்துக்கு இழுத்துவிட்டார். வீடு முழுக்க நடந்து பார்த்து, சமையலறை ஜன்னலோரம்தான் சத்தம் தெளிவாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அல்போன்சம்மாள் அவரைச் சுற்றிச் சுற்றிப் போய் மீன் வறுத்தாள்.

தெளிவாகத்தான் இருந்தது. முன்னெல்லாம் மருதப்பனைக் கேட்டு கால் மட்டும் வரும். இப்போது மருதப்பனே வந்துவிட்டான். ஆம்ப்ரோஸ் டயல் செய்யலாமென்று ரிசீவரைக் காதில் வைத்தால் உள்ளே ஓர் ஆண் குரல், "சரிங்க அத்தை, ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட்ல ஆட்டுக்கறி வாங்கிட்டு வர்றேன்" என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"டேய்! யார்ரா என் போன்ல ஆட்டுக்கறி வாங்குறது?"

அந்தப் பக்கம் அத்தை அலறிக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

ஆம்ப்ரோஸின் ரத்தம் கொதித்தது. ஆனால் கோபத்தைவிடக் கவலை பெரிதாக இருந்தது. ரூபி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அவங்களுக்கு என்னைப் பிடிக்கலம்மா, அதான் போன் வரல" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கௌரவம் பார்த்தது போதும், நாமே கூப்பிட்டுவிடுவோம் என்று முடிவு செய்து மரியஅந்தோணியின் நம்பரை அமுக்கினார்.

"அண்ணே, ஆம்ப்ரோஸ் பேசுறேன். நீங்க போன் பண்ணுவீங்கன்னு..."

"நான் பண்ணாமலா இருக்கேன்? ஒரு வாரமா அடிக்கிறேன், உங்க வீட்டுல..."

"ஹலோ?" என்று நடுவில் புகுந்தது அந்தக் குரல். "யாருங்க அது, என் லைன்ல?"

"உன் லைனா? யாரு லைன்டா உன் லைன்? திருட்டுப் பயலே, வைடா போனை!"

"மரியாதையா பேசுங்க!"

"உனக்கென்னடா மரியாதை? உங்க பரம்பரைக்கே மரியாதை கிடையாது!"

மரியஅந்தோணி போனை வைத்துவிட்டார். அவருடைய பரம்பரையைத்தான் சொன்னதாக நினைத்தாரோ என்னவோ. ஆம்ப்ரோஸுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். "மரியாதையா பேசுங்க" என்ற சத்தம் ரிசீவரில் மட்டும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகவும் கேட்டது. மேலே, ஏழாவது மாடியிலிருந்து.

இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். ஒல்லியான ஒருவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்து திறந்தார். பஸ் கம்பெனியில் வேலை. குடிவந்து மூன்று மாதம்தான். கையில் அதே நிறத்தில், அதே ஏரியலோடு, அச்சு அசலாக அதே போன்.

"நீதான் மருதப்பனா? கையும் களவுமா மாட்டினியா!"

"அண்ணே, இது நான் சிராங்கூன் ரோட்ல வாங்கினதுண்ணே. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ரெண்டு வாரமா யாரோ குறுக்க வர்றாங்க. சொந்தக்காரங்க கூப்பிட்டா யாரோ ஓர் ஆளு கண்டபடி ஏசுறாராம்."

"என் வீட்டு மணியை அடிச்சா ஏசாம, உக்கார வச்சு கோப்பி கலக்கிக் குடுப்பாங்களா? இன்னையோட நிறுத்திக்க. இல்லைன்னா டெலிபோன் ஆபீஸுக்குப் போவேன்!"

"போங்கண்ணே. எனக்கும் முடிவு தெரியணும்லா" என்றார் மருதப்பன் பாவமாக.

திருடனுக்கு என்ன துணிச்சல்! ஆம்ப்ரோஸ் சும்மா இருப்பாரா? அன்று மாலையே டெலிபோன் ஆபீஸில் புகார் எழுதிக் கொடுத்தார். அது போதாதென்று ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில், 'எச்சரிக்கை! இந்த புளோக்கில் லைன் திருடன் இருக்கிறான். அடுத்தவர் போனில் கூசாமல் பேசுகிறான். விவரங்களுக்கு: ஆம்ப்ரோஸ், ஆறாவது மாடி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லிஃப்டுக்குள் ஒட்டினார். ஏழாவது மாடி என்று போட வேண்டாமென்று அல்போன்சம்மாள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியதால் அதை மட்டும் விட்டார். ஆனால் கீழே சந்தித்தவர்களிடம் வாயால் சொல்லிவிட்டார். இரண்டே நாளில் மருதப்பனின் மனைவி லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு டெலிபோன் ஆபீஸிலிருந்து தனசேகரன் என்ற டெக்னீஷியன் கைப்பெட்டியோடு வந்தார். ஆம்ப்ரோஸ் மேலே ஓடி, வரமாட்டேன் என்ற மருதப்பனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வாசலில் கூடினார்கள். கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்று ஆம்ப்ரோஸ் கதவை விரியத் திறந்து வைத்தார்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார் மரியஅந்தோணி. முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஆம்ப்ரோஸ், உட்கார வரல. பத்து நாளா அடிக்கிறேன். மணி அடிக்குது, எடுக்க ஆளில்ல. நீங்களா கூப்பிட்டு என் பரம்பரையை ஏசுறீங்க. பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா மொகத்துக்கு நேரா சொல்லலாம்ல?"

அறைக் கதவுக்குப் பின்னால் ரூபி காதை இன்னும் நெருக்கமாக வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே! நான் ஏசினது உங்களை இல்ல. இதோ நிக்கிறானே, இவனை!" ஆம்ப்ரோஸ் மருதப்பனை நோக்கி விரலை நீட்டினார். "லிஃப்டுல படிச்சீங்களா? அந்த ஆளு இவன்தான். நீங்க அடிச்ச காலை எல்லாம் இவன் நடுவுல முழுங்கிட்டான். என் லைன்ல உக்காந்து இவன் அத்தைக்குக் கறி வாங்குறான்!"

"அண்ணே, சத்தியமா..." என்று ஆரம்பித்தார் மருதப்பன்.

"சத்தியத்தை நீ சொல்லாதே!"

மரியஅந்தோணியின் முகம் மெல்லத் தெளிந்தது. மருதப்பனை ஏற இறங்கப் பார்த்தார். "அதானே பார்த்தேன். ஆம்ப்ரோஸ் குடும்பத்துல இப்படி நடக்காதேன்னு வீட்டுல சொன்னேன். எங்க வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்தான், அதைச் சொல்லத்தான் அத்தனை தடவை அடிச்சேன்."

அல்போன்சம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. தனசேகரன் திரு இருதயப் படத்தின் கீழிருந்த பெட்டியைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு எதையோ தேடிக்கொண்டு வாசல் ஓரமாகப் போய்க் குனிந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஆம்ப்ரோஸுக்கு வெற்றி தலைக்கேறிவிட்டது. சம்மதம் கிடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு வார ஆத்திரம் அவ்வளவு சுலபமாக ஆறுமா?

"நாலு பேர் இருக்கும்போதே கேட்டுடறேன் அண்ணே. அடுத்தவன் லைன்ல கூச்சமில்லாம பேசிட்டு, தட்டிக் கேட்டா நம்மளையே திருப்பி ஏசுறான் பாருங்க, அப்படிப்பட்டவன் வீட்டுல நீங்க பொண்ணு எடுப்பீங்களா?"

"செத்தாலும் எடுக்க மாட்டேன்" என்றார் மரியஅந்தோணி, ஒவ்வொரு சொல்லாக. "இதை யாரு முன்னாலயும் சொல்வேன். பேச்சுன்னா பேச்சு, நான் மாறமாட்டேன்."

"கேட்டியா மருதப்பா? நல்லாக் கேட்டுக்க! தம்பி தனசேகரன், நீங்க சொல்லுங்க. யாரு யாரோட லைன்ல பேசினது? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா சொல்லுங்க!"

தனசேகரன் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் ஓரத்திலிருந்து நிமிர்ந்தார்.

"அங்கிள், உங்க டெலிபோன் சாக்கெட்டு இங்க காலியா கிடக்கு, அந்தப் பெட்டியை நீங்க லைன்ல மாட்டவே இல்ல, ரெண்டும் ஒரே செட்டுங்கிறதால உங்க ரிசீவர் மேல் வீட்டுப் பெட்டியைப் பிடிச்சிருக்கு, இத்தனை நாளா நீங்கதான் மேல் வீட்டுக்காரர் லைன்ல பேசிட்டு இருந்திருக்கீங்க."