இருக்கிறேன் என்று அழுத்துபவர்

பொறியாளர்களில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று பல பிரிவுகள் இருப்பதாகக் கல்லூரிகள் சொல்கின்றன. நம்ப வேண்டாம். வேலையில் சேர்ந்து பதினைந்து வருடம் ஆன பிறகு மிஞ்சுவது ஒரே பிரிவுதான்: மணிநேரம் சேர்ப்பவர். இவரை இதுவரை யாரும் முறையாக ஆராயவில்லை என்பது அறிவுலகத்துக்கு நேர்ந்த குறை. அந்தக் குறையை இன்று நான் தீர்த்துவைக்கிறேன்.

சட்டம் இதுதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, நாற்பது மணி நேரம் தொழிற்பயிற்சி பெற்றதாகக் காட்டினால்தான் பொறியாளருக்குக் கையெழுத்துப் போடும் உரிமம் புதுப்பிக்கப்படும். இயந்திரம் மாறுகிறது, மனிதரும் கொஞ்சம் மாறட்டும் என்று யாரோ நல்ல மனதோடு போட்ட விதி. நம்மவர் அதைப் படித்தார். ‘பயிற்சி’ என்ற சொல் அவர் கண்ணில் படவில்லை. ‘நாற்பது’ பட்டது.

நேரில் நடக்கும் பயிற்சிக்கு இவர் வருகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் வருகைப் பதிவேடு எங்கே என்று கேட்பார். அதில் கையெழுத்துப் போட்டதும் பாதிப் பயிற்சி முடிந்தது. பிறகு பேச்சாளரின் முகம் தெரியாத, ஆனால் செல்போனுக்குச் சார்ஜ் போட வசதியான நாற்காலியைப் பிடிப்பார், கொடுத்த பையைத் திறந்து பேனா எழுதுகிறதா என்று சோதிப்பார் (அன்று முழுவதும் அவர் எழுதும் ஒரே கோடு அதுதான்), டீ எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் விசாரிப்பார், கண்ணை மூடி ஆழ்ந்து சிந்திப்பார், சிந்தனை குறட்டையாக மாறும் தறுவாயில் திடுக்கிட்டு விழித்து, அன்றைய தன் ஒரே கேள்வியைக் கேட்பார்: “சார், ஸ்லைடெல்லாம் மெயில்ல அனுப்பிடுவீங்கல்ல?”

அனுப்புவார்கள். அவை இவருடைய கணினியில் ‘படிக்க வேண்டியவை’ என்ற ஃபோல்டருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இருநூற்றுப் பதினான்கு கோப்புகள். ஒன்றின் தூக்கத்தையும் இவர் கலைத்ததில்லை.

இந்த இனத்தில் நான் நெருங்கிக் கவனித்த ஒரு மாதிரி நபர், ஓர் அட்டைப்பெட்டி ஆலையின் பாய்லர் பொறியாளர். கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் சேர்த்திருந்தது மூன்று மணி நேரம். தவறினால் உரிமம் போய்விடும். தினமும் பாய்லர் பதிவேட்டில் போடும் கையெழுத்து செல்லாது. கையெழுத்து செல்லாதவரின் நாற்காலிக்கு ஜூனியர் வந்துவிடுவார். அந்த நாற்காலியின் உயரத்தை ஏற்ற இறக்க முடியுமா என்று ஜூனியர் ஏற்கெனவே ஒருமுறை அன்போடு விசாரித்திருந்தார்.

ஆகவே இணையவழிப் பயிற்சி. பாய்லர் பாதுகாப்பு பற்றி முப்பத்தேழு பாடங்கள், பாடத்துக்கு ஒரு மணி நேரம். லேப்டாப்பைக் கூடத்து மேசையில் திறந்து, சத்தத்தை அடக்கி, ஓட விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம் என்பது திட்டம். ஆனால் பாடம் தயாரித்தவர்களும் பொறியாளர்கள்தானே? இனத்தை இனம் அறியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு கேள்வி எழும்: ‘இருக்கிறீர்களா?’ கீழே ஒரு பொத்தான்: ‘இருக்கிறேன்.’ ஒரு நிமிடத்துக்குள் அழுத்தாவிட்டால் பாடம் மறுபடி முதலிலிருந்து. ஞானிகள் வாழ்நாள் முழுக்கத் திணறிய இந்தக் கேள்விக்கு நம்மவர் குடும்பத்தை வைத்துப் பதில் சொன்னார்.

காலையில் மனைவி.

“என்னங்க, இருக்கீங்களான்னு கேக்குது.”

“இருக்கேன்னு சொல்லு.”

“எங்க இருக்கீங்க?”

“குளிச்சிட்டு இருக்கேன்! அழுத்தும்மா!”

மாலையில் மகள். “இன்னைக்கு எவ்வளவு நேரம்ப்பா நான் நீங்களா இருக்கணும்?”

பகல் முழுவதும் மாமனார். பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவரை முதுகைப் பார்த்தே கண்டுபிடிக்கும் கண். ஒரு ‘இருக்கிறீர்களா’வும் அவரிடமிருந்து தப்பியதில்லை. ஆனால் அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சத்தத்தைக் கூட்டிவிட்டார். கேட்டார். சின்ன நோட்டில் குறித்தும் கொண்டார்.

பாட முடிவில் வரும் தேர்வை மட்டும் நம்மவரே எழுதினார், ஏனென்றால் அதன் ரகசியம் அவருக்குத் தெரியும்: நான்கு விடைகளில் ‘மேற்கூறிய அனைத்தும்’ இருந்தால் அதுதான் சரி, இல்லாவிட்டால் எது நீளமோ அது சரி. எண்பத்தெட்டு சதவீதம் வாங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருந்தது. ஆலையில் ஞாயிறும் பாய்லர் ஓடும்.

“மாப்பிள்ளை, பாய்லர்ல தண்ணி மட்டம் காட்டற கண்ணாடிக் குழா இருக்குல்ல?” என்றார் மாமனார். “உங்களுதுல தண்ணி எப்படி இருக்கும்?”

“தண்ணி மாதிரிதான் மாமா இருக்கும்.” மகள் சிரித்தாள்.

“அது இல்ல. ஆடுமா?”

“எங்க பாய்லரா? ஆடவே ஆடாது. மூணு நாளா கோடு போட்ட மாதிரி ஒரே மட்டம். அவ்வளவு பக்குவமா வச்சிருக்கேன்.”

மாமனாரின் கை தட்டிலேயே நின்றது. இடது கையால் நோட்டைப் புரட்டினார்.

“ஏழாவது பாடம். கொதிக்கிற பாய்லர்ல மட்டம் லேசா ஆடிக்கிட்டேதான் இருக்கணும். ஆடலைன்னா குழா அடைச்சிருக்குன்னு அர்த்தம். உள்ள தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும் கண்ணாடி பாட்டுக்கு இருக்குன்னே காட்டும்.”

“அதுக்குத்தான் மாமா தினமும் ஊதிப் பாக்கறோம். குழாயத் தொறந்து விட்டா தண்ணி போயிட்டுத் திரும்பி வரணும்.”

“நீங்க பாக்கறீங்களா?”

“ஆபரேட்டர் டிக் போடுவார். நான் கையெழுத்துப் போடுவேன்.”

“ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிச்ச மாதிரி இருக்கே, மாப்பிள்ளை.”

நம்மவர் சத்தமாகச் சிரித்தார். அடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அந்த மூன்று நாளைக்கும் அடியில் மூன்று கையெழுத்து இருந்தது, மூன்றும் அவருடையது. இடது கையால் போனை எடுத்து ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

“ஒண்ணுமில்ல, சும்மாதான். அந்தக் கண்ணாடிய ஒரு தடவை ஊதி விடுங்க.”

“காலையிலயே டிக் போட்டாச்சே சார்.”

“டிக் போட்டது தெரியும். ஊதினீங்களா?”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு காலடி, திருகும் ஓசை, ஒரு சீறல். பிறகு குரல், வேறு குரல் மாதிரி:

“சார்... போன தண்ணி திரும்பி வரலை சார்.”

“நெருப்ப அணைங்க! எல்லாரையும் வெளிய அனுப்புங்க! பம்ப்பப் போட்டுத் தண்ணிய...”

மாமனார் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “தண்ணி கூடாது. காஞ்ச இரும்புல பட்டா வெடிக்கும். எட்டாவது பாடம்.”

“...தண்ணியத் தொடாதீங்க! தொடவே தொடாதீங்க!”

பாய்லர் ஆறிய பிறகு திறந்து பார்த்தார்கள். தண்ணீர் நான்கு விரல் இறங்கியிருந்தது; எச்சரிக்கை மணியும் அதே அடைத்த குழாயில்தான் மாட்டியிருந்ததால் அதுவும் நிம்மதியாக இருந்திருக்கிறது. இன்னும் இரண்டு விரல் இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு குரலில் எழுத வேண்டியிருக்கும்.

உரிமம் புதுப்பிக்கப்பட்டது. ஆலை ஒரு விழா எடுத்து, ‘தொடர்கல்வியின் பயன்’ என்று பொறித்த கேடயத்தை நம்மவர் கையில் கொடுத்தது. மேடையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது நிஜம். முதல் வரிசையில் ஜூனியர் உட்கார்ந்திருந்தார். “கற்றலுக்கு ஓய்வில்லை” என்று சொல்லிவிட்டு இறங்கினார். கைதட்டல். அன்றே நிர்வாகம் அவரை எல்லாக் கிளைகளுக்கும் பாய்லர் பாதுகாப்பு ஆலோசகராக்கிவிட்டது. இப்போது யாராவது சந்தேகம் கேட்டால், “ஒரு நிமிஷம், கணக்குப் போட்டுச் சொல்றேன்” என்று வராந்தா மூலைக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்கிறார். மாமனார் நோட்டைப் புரட்டுகிறார். இரண்டாவது நோட்டு தொடங்கியாகிவிட்டது.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். போன வருடம் முடித்த பயிற்சியில் கற்றுக்கொண்ட ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம். அவசரமில்லை, யோசியுங்கள். ஞாபகம் வராவிட்டாலும் வெட்கப்பட வேண்டாம். எழுந்து உள்ளே போய்க் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும்.