பூநாரைக்கு ஒரு பாடு

கடலைப் பார்த்து "உஷ்" என்று சொன்ன மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவருக்குத் தினமும் இரண்டு வேளை டீ வாங்கிக் கொடுத்தவள் நான் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

பழவேற்காடு ஏரியின் பறவைகள் சரணாலயத்துக்கு ரேஞ்சராக வந்தவர் அவர். அந்த ஆபீசில் நான் தினக்கூலிக்குக் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தேன். பெயர்ப்பலகையில் அவருக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. ஊரில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. எங்களுக்கு அவர் உஷ் சார். அதற்கு முன் மலைக்காட்டில் யானைகளுக்கு நடுவே காலம் தள்ளியவர். யானை நிற்கும் இடத்தில் வாயைத் திறந்தால் ஆபத்து. அந்தப் பழக்கத்தைப் பெட்டி படுக்கையோடு கட்டி எடுத்துக்கொண்டு, ஒரு மரம்கூட இல்லாத எங்கள் தண்ணீர்க் காட்டில் வந்து இறங்கினார்.

எங்கள் ஊர் தோணிரேவை அடுத்த ஏரிக்கரைக் குப்பம். காற்றுக்கு எதிரே படகுக்குப் படகு கத்திப் பேசியே வளர்ந்த சனம். வீட்டுக்குள் வந்தாலும் தொண்டை இறங்காது. என் அம்மா மீன் ஏலம் விட்டால் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் தாமாகவே நின்றுவிடும் என்று சொல்வார்கள். முதல் நாளே அந்த ஏலத்துக்கு நடுவில் போய் நின்று, உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றார் மனிதர்.

"யாருய்யா நீ? இன்னா ஓணும்?" என்றாள் அம்மா.

"அங்க பூநாரை மேயுதும்மா. கொஞ்சம் மெதுவா."

"மேஞ்சா மேயட்டும். நான் இன்னா அதையா ஏலம் வுடறேன்?"

அவர் திட்டவில்லை, அபராதம் என்று மிரட்டவில்லை. இழவு வீட்டில் நிற்கிற முகத்தோடு நின்றார். மறுநாளும் வந்து நின்றார். அம்மி நகர்ந்ததோ இல்லையோ, ஒருநாள் அம்மாவே சலித்துப்போய் ரகசியக் குரலில் ஏலம் விட்டாள். பக்கத்தில் நிற்பவன் என்ன விலை கேட்டான் என்றே வியாபாரிகளுக்குத் தெரியவில்லை. பயத்தில் ஆளாளுக்கு ஏற்றிக் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா உஷ் சார் கட்சி.

பிறகு ஊரே மாறிப்போயிற்று. குழாயடிச் சண்டை ரகசியமாக நடந்தது. தலைமுறை தலைமுறையாகக் கத்தித் தீர்த்த வசவுகளைக் காதோடு காதாகச் சொல்லிப் பாருங்கள், பாதியில் சிரிப்பு வந்துவிடும். பனிக்கால விடியலில் ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த வெளுப்புக்குள் படகுகள் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழி ஊன்றிப் போகும். தூரத்தில் பூநாரைகள் ரோஜா நிறத்தில் ஒரு கோடாக நிற்கும். ஊர் முழுக்கத் தூக்கத்தில் பேசிக்கொண்டு தூக்கத்திலேயே வேலைக்குப் போவது போல இருக்கும்.

கடல் கதையும் அப்போதுதான் நடந்தது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒருநாள் அலை உறுமிக்கொண்டிருந்தது. இவர் அதற்கு முன்னால் போய் நின்று "உஷ்" என்றார்.

"கடல் கேக்குமா சார்?" என்றேன்.

"சொல்லி வைப்போம். கேக்கறதும் கேக்காததும் அது இஷ்டம்."

இப்படிக் கனவு மாதிரி போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பூநாரை மேயும் திட்டில் இனி யாரும் வலை போடக்கூடாது. அந்த ஆழமில்லாத திட்டுதான் பனிக்காலத்தில் எங்களுக்கு இறால் கொடுக்கும் இடம். அது போனால் ஊரில் அடுப்பு எரியாது. ஊர்க்கூட்டம் கூடியது. அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் அன்று மொத்தமாக எடுத்தார்கள். உஷ் சார் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரே உஷ் சொல்லவில்லை.

என் நைனாதான் கடைசியில் எழுந்தார். "நீ நல்ல மனுசன் சார். ஆனா அந்தத் திட்ட எட்த்துக்கினா நாங்க இன்னாத்த துன்றது? உஷ்ஷுன்னு சொன்னா வயிறு கேக்குமா?"

"உங்களுக்குள்ள அந்த இடத்த எப்படிப் பங்கு வச்சிக்கிறீங்க?" என்று கேட்டார் அவர்.

நைனா சொன்னார். எங்கள் ஏரியில் அதற்குப் பாடு என்று பெயர். ஒவ்வொருவரும் தன் அடையாளமாக ஒரு பொருளைச் சொம்பில் போட வேண்டும். ஊர்த் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார். அந்த வரிசைப்படி திட்டு ஒரு நாளைக்கு ஒருவருக்கு. அவன் பாட்டில் மற்றவன் பட்டினி கிடந்தாலும் வலையை நனைக்கமாட்டான். இதற்குப் போலீஸும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது.

உஷ் சார் எழுந்து நின்றார். "அப்ப எனக்கும் ஒரு பாடு குடுங்க."

"ஒனக்கா? தண்ணில கால வச்சாலே தும்முற ஆளு நீ," என்றார் நைனா.

"எனக்கில்ல, பூநாரைக்கு. அதுவும் இந்த ஏரிலதான பொழைக்குது. பெரிய அதிகாரிய நேர்ல வந்து பாக்கச் சொல்றேன், அதுவரைக்கும் உத்தரவு அமலுக்கு வராது. வலையும் பறவையும் ஒண்ணா இருக்கும்னு அவர் கண்ணால பாத்தா உத்தரவ நிறுத்திடுவாரு. அன்னைக்குப் பறவை இல்லேன்னா திட்டு மொத்தமா போயிடும்."

கூட்டம் கண்ணில் நீர் வரச் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. பாடு கேட்டவருக்கு இரண்டே சட்டம் என்றார். சொம்பில் அடையாளம் போட வேண்டும். தன் முறையன்று பொழுது விடியுமுன் திட்டில் நிற்க வேண்டும், ஆள் வராவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். உஷ் சார் பையைத் துழாவினார். கையில் வந்த விசிலை, சத்தம் போடும் பொருள் பூநாரைக்கு ஆகாது என்று திரும்ப உள்ளே வைத்தார். சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிய்த்துப் போட்டார். பிறகு தினமும் அந்த இடத்தில் ஊக்கு குத்திக்கொண்டுதான் ஆபீசுக்கு வந்தார். புதுப் பொத்தான் தைத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, "பழசு டூட்டில இருக்கும்மா" என்றார்.

பூநாரையின் முதல் பாடு வந்தது. முழங்கால் தண்ணீரில் விடியலிலிருந்து நின்றார். பூநாரைகளுக்கு அன்று ஆந்திரா பக்கம் ஏதோ ஜோலி போல, ஒன்றும் வரவில்லை. வரிசையில் அடுத்த ஆளான நைனா படகோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"பாடுக்காரன் வரலியே சார். சட்டப்படி என்துதான்."

"அதுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்ல. உஷ். வரும்."

வரவில்லை. சாயங்காலம் அவர் போட்ட தும்மலைத் தவிர அந்தத் திட்டில் அன்று எதுவும் நடக்கவில்லை. அடுத்த முறையும் அதே கதைதான்.

பெரிய அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் நைனாவின் பாடாக வந்து விழுந்தது. அதற்கு முந்தைய அவர் முறையைப் புயல் எச்சரிக்கை தின்றிருந்தது. இதையும் விட்டால் அந்தப் பருவத்தில் அவருக்கு இறால் கிடையாது. விடிந்து பார்த்தால், கூப்பிட்டபோதெல்லாம் வராத பூநாரைகள் ஆயிரக்கணக்கில் திட்டை மூடி நின்றன. நைனா வலையை வீசினால் அத்தனையும் எழுந்து போய்விடும். அதிகாரி வெறும் தண்ணீரைப் பார்ப்பார். ஊருக்கே திட்டு போய்விடும்.

நான் உஷ் சாரிடம் ஓடினேன். "நைனாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "இன்னைக்கு அவர் பாடும்மா. அதுல நான் வாயத் தொறக்கக் கூடாது."

ஊருக்கெல்லாம் உஷ் சொன்ன மனிதருக்கு, சொல்ல வேண்டிய நாளில் வாய் வரவில்லையே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நைனா படகைத் தள்ளினார். கழியை ஊன்றி மெல்லப் போனார். கரையில் ஊரே நின்றது. திட்டை நெருங்கியதும் படகு நின்றது. பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசியபடி தங்களுக்குள் முனகிக்கொண்டிருந்தன. தண்ணீரெல்லாம் இளஞ்சிவப்பு. வலை மடியில் கிடக்க, நைனா அந்தப் பறவைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். வலையின் முடிச்சை அவர் அவிழ்க்கவே இல்லை. எத்தனை நேரம் அப்படிப் போனதோ எனக்குத் தெரியாது.

ஹாரன் அடித்துக்கொண்டு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கிக் கதவை அறைந்து சாத்தி, "எங்கப்பா ரேஞ்சர்?" என்று குரல் கொடுத்தார்.

படகில் நைனா எழுந்து நின்றார். கரைப் பக்கம் திரும்பினார். உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றார்.

அதிகாரி திகைத்து நின்றார். அவர் காதுக்குப் பின்னால் அம்மா "உஷ்" என்றாள். அப்புறம் ஊர் முழுக்கச் சொன்னது. மனிதர் வாயை மூடிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். வலை மடியில் ஒரு ஆள், சுற்றிலும் பறவைகள். ரொம்ப நேரம் பார்த்தார். கிளம்பும்போது ஜீப்பை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சைகை காட்டினார். ரோடு வரைக்கும் நாங்கள்தான் தள்ளிக்கொண்டு போய் விட்டோம். அந்த உத்தரவு பிறகு அமலுக்கு வரவேயில்லை.

நைனா வெறும் படகோடு திரும்பினார். உஷ் சார் தண்ணீரில் இறங்கிப் படகின் முனையைப் பிடித்துக்கொண்டார். அழுதார், அதையும் சத்தமில்லாமல்தான் செய்தார்.

"இன்னா சார் இது," என்றார் நைனா. "ஒன் பாட்டுக்கு வராதது என் பாட்டுக்கு வந்துச்சு. ஊட்டுக்கு வந்த விருந்தாளிய எப்பிடித் தொரத்துறது?"

அடுத்த வருஷம் அவரை மறுபடி மலைக்கே மாற்றிவிட்டார்கள். நான் இப்போது சென்னையில், நாள் முழுக்க ஹாரன் சத்தத்துக்கு நடுவில் இருக்கிறேன். பாடு எடுக்கும் நாளில் மட்டும் தவறாமல் ஊருக்குப் போவேன். சொம்பில் சோழி விழும், வலையின் ஈயக்குண்டு விழும், கடைசியாக ஒரு காக்கிப் பொத்தான் விழும். அந்தப் பொத்தானின் முறையன்று திட்டுப் பக்கம் யாரும் போவதில்லை. பூநாரை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அம்மா அன்று ரகசியமாகத்தான் ஏலம் விடுகிறாள். அவர்தான் போய்விட்டாரே, இன்னும் எதற்கு என்று போன முறை நைனாவிடம் கேட்டேன். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

உஷ் சார் இப்போது எந்த மலையில், எந்த யானைக்கு முன்னால் நிற்கிறாரோ தெரியாது. சட்டையில் இரண்டாவது பொத்தானுக்குப் பதில் ஊக்கு குத்திய ரேஞ்சர் ஒருவரை எங்கேயாவது பார்த்தால், அவருடைய பொத்தான் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள்.