மெதுவா அண்ணன் வாங்கக் காத்திருந்த கார்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே எச்சில் விழுங்குகிற ஆள், இத்தனை பேர் படிக்கிற பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். மெதுவா அண்ணனைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் துணிந்தேன்.

பெங்களூரில் அவரைவிடப் பயந்த மனிதர் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஓடுகிற மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டார். அத்திபெலேயிலிருந்து தினமும் எங்கள் நீலசந்திராவுக்கு பஸ்ஸில் வருவார், பஸ்ஸுக்குள்ளேயே ஹெல்மெட் போட்டுக்கொண்டு. ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் ஸ்கூல் பிள்ளைகள் யாராவது வரும்வரை காத்திருந்து அவர்களுக்கு நடுவில் புகுந்துகொள்வார். "புள்ளைங்களை எவனும் இடிக்க மாட்டான் தங்கச்சி" என்பார். யார் எதைச் செய்தாலும், வெறும் தண்ணீர் குடித்தாலும்கூட, "மெதுவா... மெதுவா..." என்பார். அதுவே பெயராகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவர் செய்த தொழில், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு புரோக்கர்.

ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கார்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு விற்றார்கள். விற்றுத் தருவது மெதுவா அண்ணன். வாங்க வருகிறவர்களை அவரே உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவார். பக்கத்தில் போகிற சைக்கிள்காரர்கள் பெல் அடித்து முந்திப் போவார்கள். ஒருமுறை ஒருவர் பொறுமை இழந்து, "ஏம்பா, இது எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்று கேட்டாராம்.

"தெரியாது சார். நான் ரெண்டாவது கியர் தாண்டினதில்ல. மூணாவது, நாலாவது எல்லாம் புதுசு. கை படாம உங்களுக்குன்னே வெச்சிருக்கேன்."

அவர் வாங்கிவிட்டார்.

ஸ்போர்ட்ஸ் கார் விலை எப்படி விழும் என்பதில் மெதுவா அண்ணனுக்கு ஒரு கணக்கு உண்டு. அது மூன்று முறை விழும் என்பார். ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் முதல் முறை. "மொதல் ஓனர் காசு குடுக்கிறது வண்டிக்கில்ல, புது சீட்டு வாசனைக்கு. வாசனை போச்சு, காசும் போச்சு." ஏதாவது ஒரு பாகம் உடைந்ததும் இரண்டாவது முறை. "ஒரு சைடு கண்ணாடி உடைஞ்சா கப்பல்ல வரணும். அது வர்றதுக்குள்ள ஓனருக்கு வண்டி மேல வெறுப்பு வந்துரும்." மூன்றாவது முறைதான் பெரிய விழுதல். அது ஓனர் வீட்டில் குழந்தை பிறக்கும்போது.

"ரெண்டே சீட்டு. புருஷன் ஒண்ணு, பொண்டாட்டி ஒண்ணு. புள்ளைய எங்க வெப்பான், பானெட் மேலயா? அப்பத்தான் வாங்கணும். அதுக்கு முன்னால வாங்கினா மிச்சம் விழுறது உன் தலையில. ரொம்ப நாள் விட்டாலும் ஆபத்து. ஒண்ணு துரு தின்னுரும், இல்லைன்னா எவனாவது பெரிய மனுஷன் அபூர்வமான காருன்னு சொல்லி விலையை மறுபடி ஏத்திடுவான்."

அதனால் அவருக்கு காரைவிட கார்காரர்களின் மனைவிமார் மேல்தான் கண். கல்யாண ரிசப்ஷனில் மேடையேறி, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் ஒரு புள்ள" என்று கண் கலங்க வாழ்த்துவார். வளைகாப்புக்கு அழைக்காமலேயே வளையலோடு போய் நிற்பார். ஒரு வீட்டுப் பெயர் சூட்டு விழாவில் டேப்பை எடுத்துத் தொட்டிலை அளந்து, "சார், இது உங்க வண்டியில நுழையாது" என்று சபையிலேயே சொல்லிக் கழுத்தில் கைவைத்துத் தள்ளப்பட்டார். வெளியே வந்து விழுந்தவர் சொன்னது: "மெதுவா தள்ளுங்கப்பா!"

இனி எங்கள் வீட்டுக் கதை.

என் கணவர் ஒரு எக்ஸ்போர்ட் துணி கம்பெனி முதலாளியிடம் டிரைவராக இருந்தார். முதலாளி எல்லாவற்றையும் மூடிவிட்டு வெளிநாட்டுக்குப் போனபோது, பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாகத் தன் மகன் ஓட்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நீலசந்திராவில் எங்கள் சந்தில் அதை நிறுத்தினால் எதிரே தண்ணீர்க் குடத்தோடு வருகிறவர் ஒருக்களித்துப் போக வேண்டும். அதன் மேல் பூனை தூங்கும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வற்றல் காய வைப்பார். பெட்ரோல் ஊற்றி ஓட்ட எங்களுக்கு வசதியில்லை. எஞ்சின் செத்துப்போகாமல் இருக்க வாரம் ஒருமுறை இவர் ஸ்டார்ட் செய்து வைப்பதோடு சரி. விற்கலாம் என்றால், முதலாளி வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு இவர் கேட்ட தொகைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

மெதுவா அண்ணன் வந்து காரைச் சுற்றி நடந்தார். தொடவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனை வண்டி வித்துட்டேன். இது எனக்கே வேணும்" என்றார்.

"ஓட்டவா அண்ணா?" என்றேன்.

"அய்யய்யோ, நிறுத்திவெச்சுப் பாக்க." பிறகு என் கணவரிடம், "ஆனா இப்ப வாங்க மாட்டேன். ரெண்டு தடவை விழுந்துருச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு தங்கச்சி?"

என் கணவர் அடிக்கக் கை ஓங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம். ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. கோலாரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், ரேஷன் கடைக்காரர், பால்காரர் என்று எல்லோரும் "விசேஷம் ஏதாவது?" என்று கேட்பார்கள். கேட்டதும் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளத் தோன்றும். மெதுவா அண்ணன் கேட்டது மட்டும் வலிக்கவில்லை. அவர் கார் விலைக்காகக் கேட்டார். அதில் ஒளிவுமறைவு இல்லை.

அதன்பின் வாரம் தவறாமல் வருவார். முதலில் காரைப் பார்ப்பார், பிறகு என்னை. நான் இல்லை என்று தலையாட்டுவேன். "பரவாயில்ல, விலை எங்கயும் போகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த வீட்டில் குழந்தைக்காகக் காத்திருந்தவர்கள் மூன்று பேர் ஆனார்கள்.

ஒருநாள் என் தலை வேறு மாதிரி ஆடியது. அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளுத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் காருக்காக ஆசைப்பட்டேனே தங்கச்சி. என் கண்ணு பட்டு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அன்றிலிருந்து அவர் காரைப் பற்றிப் பேசவே இல்லை. மாதுளம்பழம் வாங்கி வருவார். நான் எழுந்தால் "மெதுவா", உட்கார்ந்தால் "மெதுவா". எனக்கும் பயம்தான். அவர் பயம் என்னைவிடப் பெரிதாக இருந்ததால் என்னுடையது கொஞ்சம் அடங்கியே கிடந்தது. கடைசி மாதம் டாக்டரம்மா அதைக் கிளப்பிவிட்டார். குழந்தை குறுக்காகக் கிடக்கிறது, வலி எடுத்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக் கூடாது, தாமதமானால் இருவருக்கும் ஆபத்து என்றார்.

நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்பே, காவிரித் தண்ணீர்ச் சண்டையில் நடந்த ஒரு பந்த் அன்று பகலில் வலி எடுத்தது.

ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. அப்போது வேறொரு கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் வழியில் மறியல் என்று எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே மாட்டிக்கொண்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. ஸ்டெல்லா அக்கா சந்து முனையில் நின்று அழுதுகொண்டிருந்தபோது, பந்த் அன்று பஸ் இருக்காது என்று முந்தின நாளே அத்திபெலேக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட மெதுவா அண்ணன் வந்தார். ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு என்னைக் கைத்தாங்கலாக எழுப்பினார்.

நிறைமாத வயிற்றோடு அந்தக் காருக்குள் இறங்குவது கிணற்றில் இறங்குகிற மாதிரி. ஸ்டெல்லா அக்கா மேலிருந்து பிடிக்க, அவர் கீழிருந்து தாங்க, ஒரு வழியாகச் சாய்ந்தேன். தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினார். இரண்டே சீட். அக்காவுக்கு இடமில்லை.

"நான் நடந்தே வரேன், நீ போய்யா!" என்றார் அக்கா.

நடந்தேதான் வந்தார், ஜன்னல் ஓரமாக, வழி முழுக்க. கார் அவரை முந்தவே இல்லை.

"யோவ், மூணாவது போடுய்யா! புள்ள செத்துரும்யா!"

"பழக்கமில்லாததை இன்னிக்குப் போய்ப் போடச் சொல்றியே ஸ்டெல்லாம்மா! வண்டி வயிறு தரையில இடிச்சா இவ வயிறும் குலுங்கும். மெதுவா போனாத்தான் போய்ச் சேருவோம்."

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. போன முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தது ஞாபகத்துக்கு வந்தது. "அண்ணா, ஏதாவது பேசுங்க. பயமா இருக்கு" என்றேன். பாவம், அவருக்குப் பேசத் தெரிந்தது ஒன்றுதான்.

"மொத வருஷம் இருக்குது பாரும்மா... அதுலதான் ரொம்ப விழும்..."

"அம்மா!"

"மெதுவா, மெதுவா... ரெண்டாவது வருஷம் கொஞ்சம் குறைச்சலா விழும். அப்புறம் இன்சூரன்ஸ்காரன் வேற..."

"அய்யோ அம்மா!"

"விழுறதுக்கும் ஒரு முடிவு இருக்கும்மா. எந்த வண்டியும் விழுந்துக்கிட்டே இருக்காது. ஒரு எடத்துல நிக்கும். நின்னுதான் ஆகணும்."

ரோட்டை மறித்துக் கற்களை அடுக்கிப் பத்துப் பதினைந்து பையன்கள் நின்றார்கள். அன்றைக்கு வெளியே தமிழ் பேச எல்லோருக்கும் பயம். "தங்கச்சி, கன்னடத்துல கத்தும்மா" என்று மெதுவா அண்ணன் கெஞ்சினார். நான் "அம்மா" என்றுதான் கத்தினேன். அது ரெண்டு பாஷைக்கும் பொது. ஸ்டெல்லா அக்கா முன்னால் ஓடி, "டெலிவரி கேஸ்! தாரி பிட்ரப்பா!" என்று வழிவிடச் சொல்லிக் கும்பிட்டார். ஒரு பையன் குனிந்து பார்த்தான். சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஹெல்மெட் போட்ட கர்ப்பிணி. ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்து அழுகிற டிரைவர். கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான். எல்லோருமாகக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்து, கொஞ்ச தூரம் முன்னால் ஓடி வழியும் விலக்கிவிட்டார்கள்.

அவர்கள் திரும்பிப் போனதும் பனிக்குடம் உடைந்து சீட் முழுக்க நனைந்தது. எனக்குக் கண் சொருகியது. மெதுவா அண்ணன் விலை சொல்வதை நிறுத்திவிட்டார். "எனக்கு வண்டி வேணாம்மா. சத்தியமா வேணாம். நீ மட்டும் கண்ணைத் தொறந்திரு" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஹெல்மெட்டோடு இறக்கப்பட்ட என்னைப் பார்த்து, "ஆக்சிடென்ட்டா?" என்று கேட்டார் நர்ஸ். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா அக்கா சொன்னதுதான். உடனே ஆபரேஷன், சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்களாம். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடப் பயப்படுகிற மனிதர், "நான் அண்ணன்" என்று சொல்லி வாங்கிப் போட்டாராம். கார் ரோட்டு நடுவில் கதவு திறந்தபடி நின்றதாம். வாட்ச்மேன் வந்து சத்தம் போட்டும் அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டபோது, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தரையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்ததால், அவருக்கு மட்டும் அது கேட்கவில்லை. அக்காதான் கையை விலக்கிவிட்டு, பெண் குழந்தை, ரெண்டு பேரும் நலம் என்று சொன்னாராம்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் அவர் அன்று நர்ஸிடம் சொன்னதைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

மறுநாள் பந்த் முடிந்து ஆட்டோக்கள் ஓடின. மெதுவா அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து, சீட் கறைபட்டுப் போனதை என் கணவரிடம் காட்டி, விலையில் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு காரை வாங்கிப் போனார்.