சிவப்பு வராத அறிக்கை

ஜெராம் எண்ணெய் மில் அலுவலகம்,
14.3.1988

மதிப்பிற்குரிய மச்சான் சிவானந்தம் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் தம்பி தனபாலன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் உடம்பளவில் சுகம். அக்காவின் கால்வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ராவாங்கில் நீங்கள் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் வேலையால் வந்த வினையைச் சொல்கிறேன். எங்கள் பாய்லரில் பன்னிரண்டு வால்வுகளைக் கம்ப்யூட்டர் தானே சோதித்துத் தினமும் காலையில் அறிக்கை அச்சடிக்கும். தேறியது கறுப்பிலும் தேறாதது சிவப்பிலும் வரும். மேனேஜருக்குச் சிவப்பு பிடிக்கவில்லை. கம்பெனிப் பெரியவர்கள் வருகிறார்கள், அறிக்கை கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்க வேண்டும் என்றார். நானும் புரோகிராமைத் திருத்திச் சுற்றிலும் பூ பார்டர் போட்டேன். தேறாதவற்றைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினேன். காகிதம் வீண் என்றார். அந்தப் பக்கத்தையும் எடுத்துவிட்டு, ‘தேறவில்லை’ என்று வரும் இடத்தில் ‘கவனத்தில் உள்ளது’ என்று கறுப்பிலேயே வரவைத்தேன். மேனேஜர் என் தோளைத் தட்டினார். அன்று பட்ட பெருமையை இப்போது நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பாய்லர் பார்க்கும் சன்னாசி அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. எண்கள் தெரியும், சிவப்பு தெரியும். சிவப்பு வந்த வால்வைச் சரிபார்க்காமல் அவர் தீ மூட்டியதே இல்லை.

“என்னா தம்பி, ஒரு வாரமா செவப்பையே காணோம். எல்லாம் சரியாயிருச்சா லா?”

“ஆயிருச்சுண்ணே.”

அவ்வளவுதான் சொன்னேன், மச்சான். ஒன்பதாம் வால்வு அப்போது ‘கவனத்தில்’ இருந்தது. போன செவ்வாய்க்கிழமை அது பிய்த்துக்கொண்டு ஆவி அடித்ததில் அவர் முகமும் இரண்டு கைகளும் வெந்துபோயின. வலது கண் இனித் தெரியாதாம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுக்குள்ளிருந்து கேட்டார்.

“அன்னைக்கு ரிப்போர்ட்டுல செவப்பு இருந்துச்சா தம்பி? நான்தான் பாக்காம விட்டுட்டனா?”

“செவப்பு ரிப்பன் தீந்து போச்சுண்ணே.”

அவர் மனைவி வேலம்மா என்னைப் பார்த்தார். எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி வருகிறார். தவறு சன்னாசியுடையது என்று நான் சொன்னால் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணி வேலை எனக்குத்தான் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு மூன்று பிள்ளைகள். இருப்பது கம்பெனி வீடு. நன்றாக யோசித்தாயிற்று. மேனேஜர் சொன்னபடியே சொல்லப் போகிறேன். என்னை மாற்ற முயல வேண்டாம்.

உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தனபாலன்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டுவதற்குள் அதிகாரி இன்றைக்கே வந்துவிட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், கணவர் கவனமாகத்தான் இருந்தார் என்று நான் சொன்னபோது, வேலம்மா ஆமென்று தலையாட்டினார். சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பியிருக்கிறார். லோரி கிடைத்தால் ஞாயிறு காலை உங்கள் வீட்டில் இருப்போம்: ஐந்து பேர், ஒரு தையல் மெஷின், ஆறு கோழி. நாங்கள் எங்காவது முடங்கிக்கொள்வோம். கோழிகளுக்கு மட்டும் ஓர் இடம் பார்த்து வையுங்கள்.