முதல் ரசீது

"காசை எடுத்து உள்ளே வைடா ஹரி. நான் தொட மாட்டேன்" என்று அழகியநம்பி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஹரிநாராயணன் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டியபடி நின்றார். காலை பத்தே முக்கால் மணி. எதிர்ச் சாரியில் நாலு வீடு தள்ளி அவருடைய அப்பா நீலகண்டன், எண்பத்திரண்டு வயது, மார்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

"மாமா, வெளையாட இதுவா நேரம்? அப்பாக்கு நெஞ்சு வலியாக்கும். வேர்த்துக் கொட்டறது. காசை வாங்கிண்டு ரசீதைப் போட்டு சாவியைத் தாங்கோ."

"சாவி தரமாட்டேன்னு நான் சொன்னேனா? இந்தா சாவி. காசு வேண்டாம். நீலகண்டன் நெஞ்சு வலிக்குக் காசு வாங்கிட்டு நாளைக்கு அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

கரமனையில் அந்தத் தெருவுக்கென்று சொந்தமாக ஓர் ஆம்புலன்ஸ் உண்டு. தெருக்காரர்கள் சேர்ந்து வாங்கி, தொண்டாக ஓட்டுவது. அழகியநம்பி தலைவர், ஹரிநாராயணன் செயலாளர். இரண்டு வருஷமாக இலவசம். இலவசம் என்றதும் தெரு அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. கல்யாண மண்டபத்துக்கு அண்டா போயிற்று. விமான நிலையத்துக்கு மருமகள்கள் போனார்கள். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜைப் படுக்கவைத்து, பெல்ட் போட்டுக் கட்டிக் கொண்டுபோனார்கள்.

ஹரிநாராயணனுக்கு வயிறெரிந்தது. மூன்று மாதம் வீடு வீடாகப் பேசி, ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் ஒன்பதுக்கு எட்டு என்ற கணக்கில் கட்டணத் தீர்மானத்தை நிறைவேற்றினார். ஒரு தடவைக்கு ஐநூறு ரூபாய். அழகியநம்பி இளகிய மனசுக்காரர், எல்லாரையும் சும்மா அனுப்பிவிடுவார் என்று பயந்து, ரசீது இல்லாமல் வண்டி நகரக் கூடாது என்று ஒரு விதியையும் தன் கைப்பட எழுதிச் சேர்த்தார்.

விதி அமலுக்கு வந்த முதல் நாள் இது. முதல் நோயாளி அவருடைய அப்பா.

அப்பா முக்கியமா, விதி முக்கியமா என்று கேட்டால் அப்பாதான் என்று ஹரிநாராயணன் யோசிக்காமல் சொல்லிவிடுவார். ஆனால் சும்மா போனால், செயலாளர் வீட்டுக்கு மட்டும் இலவசமா என்று சாயங்காலத்துக்குள் தெரு சிரிக்கும். ஐநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டால் அப்பாவும் பிழைப்பார், விதியும் பிழைக்கும். இரண்டு நிமிஷ வேலை. அப்படித்தான் அவர் நினைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தாளை மேஜைமேல் வைத்தார், சாவியைப் பிடுங்கினார், தெருக்கோடிக்கு ஓடினார். அங்கே தகரக் கொட்டகையில் ஆம்புலன்ஸ் நின்றது. எலிசாள் பக்கெட்டும் துணியுமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு, பத்து மணிக்கு மேல் இங்கே சம்பளமில்லாமல் ஓட்டுகிறவள்.

"எலிசா, எடு வண்டியை! அப்பாக்கு நெஞ்சு வலி!"

எலிசாள் துணியைப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியை வாங்கியவள் அதைப் போட்டுத் திருகவில்லை.

"ரசீது எங்க சாரே?"

"காசு கொடுத்தாச்சு. ரசீது அப்புறம் வரும்."

"போன மாசம் பார்வதியம்மாளைப் புத்தகத்துல எழுத்து இல்லாம கொண்டு விட்டேன்னு நீங்கதான எனக்கு மெமோ தந்திய? இனி ஒரு தடவை செஞ்சா வண்டியைத் தொட விடமாட்டேன்னு அதுல எழுதியிருந்திய." அவள் குரலில் குத்தல் இல்லை, பயம்தான் இருந்தது. "எனக்குக் கடலாசுல எழுதித் தர வேண்டாம் சாரே. ரசீது வேண்டாம்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்ப எடுக்கேன்."

சொல்லியிருக்கலாம். வாய்கூடத் திறந்தது. அதற்குள் பால் பாக்கெட்டும் கையுமாக வெங்கடசுப்ரமணியன் கொட்டகை வாசலில் வந்து நின்றுவிட்டார். கமிட்டியின் பொருளாளர். முப்பத்தைந்து வருஷம் தணிக்கை இலாகாவில் பிறர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை தீர்மானத்தை எதிர்த்த எட்டுப் பேரில் ஒருவர்.

"ஒரு நிமிஷம் எலிசா. ரசீதோடயே வரேன்" என்று ஹரிநாராயணன் திரும்ப ஓடினார். வெங்கடசுப்ரமணியன் பின்னாலேயே வந்தார்.

ஃபோன் அடித்தது. மனைவி ஆஷா.

"எங்கே இருக்கேள்? அப்பாக்கு இடது கை மரத்துப்போறதாம்!"

"வந்தாச்சு ஆஷா. ரெண்டே நிமிஷம்."

அழகியநம்பி ரசீதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கையெழுத்துப் போட மாட்டேன். போட்டா உன் தீர்மானத்தை நான் ஒத்துண்ட மாதிரி ஆயிடும். உன் காசும் இங்கேயே இருக்கு, எடுத்துண்டு போ."

"அப்போ நானே எழுதிக்கறேன்!" ஹரிநாராயணன் புத்தகத்தைப் பறித்து, முதல் தாளில் பேரை எழுதினார்.

"அது பற்றாது" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

"எது?"

"தன் பேருக்குத் தானே ரசீது எழுதிக்கறது. செயலாளரே கட்டி, செயலாளரே வாங்கி... அப்ஜெக்ஷன் வரும்."

"யார் போடுவா அப்ஜெக்ஷன்?"

"நான்தான்."

சட்டென்று ஹரிநாராயணனுக்குத் தான் எழுதிய இன்னொரு விதி ஞாபகத்துக்கு வந்தது. உயிருக்கு ஆபத்து என்று இரண்டு கமிட்டிக்காரர்கள் நோயாளியை நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால் கட்டணமும் வேண்டாம், ரசீதும் வேண்டாம்.

"மாமா, ரெண்டு பேரும் கிளம்புங்கோ. வந்து அப்பாவைப் பாருங்கோ. கையெழுத்துப் போடுங்கோ. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அழகியநம்பி உடனே எழுந்தார். அதற்கு அவர் ரெடி. "வேஷ்டியை மாத்திண்டு வரேன், ஒரு செகண்ட்" என்று உள்ளே போனார்.

"ஃபாரம் எங்கே?" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

"எந்த ஃபாரம்?"

"விலக்கு ஃபாரம். நிர்ணயிக்கப்பட்ட படிவத்தில்னு நீதானே விதியில எழுதியிருக்கே."

படிவம் அச்சகத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைதான் வரும். ஹரிநாராயணன் பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத்தாளை இழுத்தார். கையால் எழுதலாம், மூன்று பிரதி வேண்டும் என்று வெங்கடசுப்ரமணியன் சம்மதித்தார். முதல் பிரதியில் பாதி எழுதும்போது ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. இரண்டாவது பிரதியில் மறுபடி அடித்தது. மூன்றாவது பிரதி எழுதும்போது அடிக்கவில்லை.

அடிக்காததுதான் அவரை உலுக்கியது. தானே ஆஷாவைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.

பேனா கீழே விழுந்தது. அப்பாவுக்கு வலி என்று கேட்டு முழுசாக இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. ஐநூறு ரூபாய் ரசீதுக்காக இருபத்தைந்து நிமிஷம் தெருவில் ஓடியிருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தாள்களைக் கிழித்தெறிந்துவிட்டுத் தெருவில் இறங்கி, ஊரே கேட்கக் கத்தினார்: "எலிசா! ரசீது வேண்டாம்! மெமோவும் வேண்டாம்! வண்டியை எடு!"

ஆம்புலன்ஸ் பறந்து வந்து வீட்டு வாசலில் நின்றது. எலிசாளும் அவரும் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே பாய்ந்தார்கள். கதவு விரியத் திறந்து கிடந்தது. கட்டில் காலி. தலையணை ஈரமாக இருந்தது. கட்டிலுக்குக் கீழே அப்பாவின் ஒற்றைச் செருப்பு.

"அப்பா!" என்றார் ஹரிநாராயணன்.

பக்கத்து வீட்டு வாலாம்பாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "யாரைத் தேடறே? ஆஷா அவரை ஆட்டோல ஏத்திண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயாச்சே. கால் மணிக்கு மேலாச்சு. உன்னை எதிர்பாத்துண்டு அவ எத்தனை நேரம்தான் வாசல்ல நிப்பள்?"

சைரன் அலறக் கிளம்பினார்கள். வேஷ்டி மாற்றிய அழகியநம்பியும் பால் பாக்கெட்டோடு வெங்கடசுப்ரமணியனும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். கிள்ளிப்பாலம் சிக்னலில் வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஒதுங்கியவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சரில் ஒரு பால் பாக்கெட் மட்டும் படுத்திருந்தது.

அப்பா பிழைத்தால் போதும், செயலாளர் பதவியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று ஹரிநாராயணன் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். அழகியநம்பி மெதுவாகக் கையை நீட்டி, மேஜைமேல் கிடந்த அந்த ஐநூறு ரூபாயை அவர் சட்டைப் பையில் திரும்பச் செருகினார்.

அவசரப் பிரிவு வாசலில் ஆஷா நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இருக்கார்" என்றாள் முதலில். பிறகுதான் வெடித்தாள். "ஏழு தடவை ஃபோன் பண்ணினேன்! ஏழு தடவை! பத்து நிமிஷம் லேட்டாயிருந்தா போயிருப்பார்னு டாக்டர் சொன்னார். என்ன பண்ணிண்டிருந்தேள் அங்கே?"

மூன்று பிரதி எழுதிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஹரிநாராயணன் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். வெங்கடசுப்ரமணியன்கூட மூக்கை உறிஞ்சினார்.

அழுது முடித்ததும் ஆட்டோக்காரர் ஞாபகம் வந்தது. வெளியே காக்கிச் சட்டையில் ஓர் ஆள் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஹரிநாராயணன் ஓடிப்போய் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

"இருக்கட்டும் சார். சுகமில்லாதவங்களை ஏத்துனா வாங்குறதில்ல" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போயே போய்விட்டார்.

இன்று ஒரு நாளைக்கு ஐநூறு ரூபாயை வாங்க ஊரில் ஓர் ஆளும் இல்லை.

உள்ளே வந்தபோது நர்ஸ் அனுஷா பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்த தமிழ்ப்பெண், மலையாளத்தை விட்டுத் தமிழிலேயே பேசினாள். இவ்வளவுக்குப் பிறகும் ஹரிநாராயணனுக்குத் தெருவின் மானம் பெரிதாகப்பட்டது.

"சிஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்கோ. எங்க தெருவுக்குச் சொந்த ஆம்புலன்ஸ் உண்டு. அவசரத்துக்குன்னே வாங்கினது."

"தெரியாதா சார்?" என்றாள் அனுஷா, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. "உங்க தெருவுல இருந்து நெஞ்சுவலின்னு ரெண்டு வருஷமா வர்ற எல்லாரையும் அந்த ஆட்டோ அண்ணன்தான் கொண்டுவந்து விடுறாரு, நாங்களும் 'கரமனை இலவச ஆம்புலன்ஸ்'னுதான் எழுதுறோம், அதுக்கு எதுக்கு சார் போயும் போயும் ஒரு ஆட்டோவை வாங்கிப் போட்டிருக்கீங்க?"